ராஜாத்தி பொந்துக்குள் இருந்த காலை

கூடலூர் என்று ஓர் ஊராம். அந்த ஊரில் கருத்தக்கண்ணன் என்று ஒரு புருஷனாம். பெண்டாட்டிக்கு அடங்காதவனாம். இதைச் சொன்னதும் அவனேதானாம்.

மலைக்கு வரும் துரைமாருக்கு இருவாச்சிப் பறவையைக் காட்டுவது அவன் தொழில். ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன காக்கிக் கோட்டை மாட்டினால்தான் அவனுக்கு வழியே தெரியும். பறவை இருக்கும் மரத்தைக் கண்டுபிடித்ததென்னவோ விறகுக்குப் போன அவன் பெண்டாட்டி ராஜாத்தி. அது எந்தத் துரைக்கும் தெரியாது.

"நாளைக்கு நானும் வாரேன். தொரசாணி வர்றாகளாம்ல," என்றாள் ராஜாத்தி.

இவள் வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று கருத்தக்கண்ணன் பேச்சைத் திருப்பினான்.

"ஏ புள்ள, அந்த இருவாச்சியப் பாரு. முட்டையிடப் பொட்டை பொந்துக்குள்ள போயி, வாசலப் பூசி அடைச்சுக்கிருது. அலகு நீட்ட மட்டும் ஒரு சந்து. ஆம்பளைதான் வெளிய சுத்துது. பறவைக்குத் தெரிஞ்ச ஒழுக்கம் ஒனக்குத் தெரியலையே."

"அப்ப அது எதைத் திங்கும்?"

"ஆம்பளை அத்திப்பழம் கொண்டாந்து ஊட்டும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"மூணு மாசம்."

"நல்ல ஒழுக்கந்தான்," என்று ஒப்புக்கொண்டாள் ராஜாத்தி.

விடிந்து, கருத்தக்கண்ணன் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் கதவு உள்ளே தாழ்ப்பாள். ஜன்னலில் ஒரு கை மட்டும் நீண்டிருந்தது.

"கதவத் தெற புள்ள. கோட்டு உள்ள கெடக்கு."

"பொந்தை அடைச்சாச்சுல்ல. ராவுத்தர் கடையில ஆப்பம் வாங்கியாங்க."

ஓடினான். ஊட்டினான். "இன்னொண்ணு," என்றது கை.

இடுப்புத் துண்டோடு அவன் நாலாவது ஆப்பத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது துரையும் துரைசாணியும் வந்து நின்றார்கள். கூடவே அவர்களுடைய சமையல்காரர் இருதயம்.

"என்னய்யா இது?" என்றார் இருதயம்.

"இருவாச்சி எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு அவுக சொல்லிக் குடுத்தாக அண்ணே. அதைத்தான் செய்யிறோம்," என்றது ஜன்னல். "நெசப் பறவை இந்த வருசம் வேற மரத்துக்குப் போயிருச்சு. பழைய மரத்துல வெறும் பொந்துதான். புது மரம் எனக்குத்தான் தெரியும்."

இருதயம் இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி துரையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, தானே போய்க் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. சேலைக்கு மேல் காக்கிக் கோட்டோடு ராஜாத்தி வெளியே வந்தாள்.

"அப்ப நான்?" என்றான் கருத்தக்கண்ணன்.

துரை ஏதோ சொன்னார். "சுமைக்கு ஒரு ஆள் வேணுமாம்," என்றார் இருதயம்.

ராஜாத்தி முன்னே போனாள். பின்னே துரைசாணி, துரை, இருதயம். தலையில் மடக்கு நாற்காலியோடு கருத்தக்கண்ணன் அசைந்து அசைந்து வந்தான்.

ராஜாத்தி திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, சத்தங்காட்டாம வாங்க. பறவை மெரண்டுரும்."

எல்லாரும் மலைப்பாதையில் திரும்பி மறைந்தார்கள். மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி அவனும் நடந்து மறைந்தான்.