கணக்கில் சேராத கிண்ணம்

பழைய மாணவர்களில் பல ரகம் உண்டு. சந்தாவை மறப்பவர், கல்லூரி அதிபரைத் திட்டுபவர், தின்ன வைத்த ரோல்ஸ் தீரும்வரை மட்டும் கூட்டத்தில் இருப்பவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் தன் கல்லூரி எதில் வென்றால் வெற்றி, எதில் வென்றால் வெறும் பொழுதுபோக்கு என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு ரகம் இருக்கிறதே, அதனிடம் அகப்பட்டிருக்கிறீர்களா? ஊரில் இவர்களுக்கு, எதிர்க் கல்லூரியோடு பெரிய கிரிக்கெட் மேட்ச் நடக்கும் ஒரு வாரம்தான் வருடத்தில் வேலை. ரொறன்ரோவில் பன்னிரண்டு மாதமும்.

குலசிங்கத்தார் அந்த ரகத்தில் முதல் தரம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து, டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் குடியிருந்து, ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். ஆனால் எழுபத்திரண்டாம் ஆண்டுப் பெரிய மேட்ச்சில் எட்டாவது விக்கெற் எந்த ஓவரில் விழுந்தது, அப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தது, விழுத்தியவன் பிறகு யாரைக் கலியாணம் கட்டினான் என்பதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்கும்வரைக்கும், சில வேளை இறங்கிய பின்பும், சொல்லிக்கொண்டே வருவார். அந்த மேட்ச்சில் அவர் ஆடினாரா? இல்லை. கொடி பிடித்தார்.

அவருடைய சட்டம் எளிது. கிரிக்கெட் பெரிய விளையாட்டு. உதைபந்தாட்டம் நாங்கள் வென்ற வருடங்களில் பெரியது, மற்ற வருடங்களில் சின்னது. மிச்சமெல்லாம் மழைக்காலத்தில் பிள்ளைகள் குழப்படி செய்யாமலிருக்க மாஸ்டர்மார் கண்டுபிடித்தவை. அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் எதிர்க் கல்லூரிக்காரரான ஸ்ரீஸ்கந்தராசா இருந்தார். தங்கள் கல்லூரிப் பிள்ளைகள் சதுரங்கத்தில் கிண்ணம் எடுத்ததாக அவர் ஒருநாள் லிப்ற்றில் சொன்னார்.

"கதிரையில இருந்துகொண்டு விளையாடுறதும் ஒரு விளையாட்டே, அண்ணை?" என்று கேட்டார் குலசிங்கத்தார்.

பதில் வருமுன் ஒன்பதாம் மாடி வந்துவிட்டது.

எண்பத்தாறு மாசியில் பழைய மாணவர் சங்கக் கூட்டம். செயலாளர் இராஜரட்ணம், ஊரிலிருந்து விளையாட்டு மாஸ்டர் எழுதிய கடிதத்தை வாசித்தார். மைதானத்தில் ஆமிக்காரர் முகாம் போட்டுவிட்டார்கள், இந்த வருடம் கிரிக்கெட் இல்லை. பிள்ளைகள் நூலகத்துக்குள் இரண்டு மேசைகளைச் சேர்த்து, நடுவில் செங்கல் அடுக்கி, ரேபிள் ரெனிஸ் பழகினார்கள். பீரங்கிச் செல் விழும் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போவார்கள், ஓய்ந்ததும் விட்ட புள்ளியிலிருந்து தொடங்குவார்கள். அப்படிப் பழகியே மாவட்டக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள். முடிந்தால் மேசைக்கு நடுவே கட்ட ஒரு நெற்றும் கொஞ்சம் பந்தும் அனுப்புங்கள்.

யாரோ கைதட்டத் தொடங்கினார். குலசிங்கத்தார் எழும்பினார்.

பிள்ளைகள்மேல் தனக்கும் அன்பு உண்டு என்றார். ஆனால் இதற்கெல்லாம் வாழ்த்துத் தந்தி அடித்தால் கல்லூரியின் தரம் என்னாவது என்று கேட்டார். கிரிக்கெட் ஆடாத வருடத்தைத் தோற்காத வருடம் என்றுதான் பதிய வேண்டும் என்றார். இப்படி இருபது நிமிடம் பேசி, பிள்ளைகளை அந்தச் சின்ன விளையாட்டிலிருந்து மீட்க ஒரே வழி முழுக் கிரிக்கெட் செற் ஒன்றை அனுப்புவதுதான் என்று முடித்தார். ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்ததால் கூட்டம் ஏற்றுக்கொண்டது.

வீட்டில் அவர் மனைவி சந்திரவதனா ஒன்றுதான் கேட்டாள்.

"மைதானமில்லாத பள்ளிக்கூடத்துக்கு கிரிக்கெட் பட் என்னத்துக்கப்பா?"

"நீர் நெற்போல் ஆடின ஆள். உமக்கு விளங்காது."

அவள் அந்த வலைப்பந்தை ஆடியது மட்டுமல்ல, மூன்று வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்த அணிக்குத் தலைவியாகவும் இருந்தவள். சின்ன விளையாட்டு என்பதால் அவர் அதை விசாரித்ததில்லை.

கொழும்புக்குப் போன ஒருவர் செற்றைச் சுமந்துபோய்ச் சேர்ப்பித்தார். வைகாசியில் பதில் வந்தது. இராஜரட்ணம் ரெலிபோனில் வாசித்தார். மிக்க நன்றி. விக்கெற் பொல்லுகள் மேசையில் கட்ட உறுதியாக இருக்கின்றன, சாமான் வந்த பையைக் கிழித்து அவற்றுக்கு நடுவே நெற்றாகக் கட்டியிருக்கிறோம். காலுக்குக் கட்டும் பாட்களை மேசைக்குக் கீழே விரித்துவிட்டோம், இப்போது பிள்ளைகளுக்கு முழங்கால் நோவதில்லை. ரேபிள் ரெனிஸ் பந்துதான் இல்லை. இருந்த ஒன்றும் வெடித்துவிட்டது.

மேசைக்குக் கீழே முழங்காலில் நிற்கும் பிள்ளைகள் ஒரு கணம் குலசிங்கத்தார் கண்ணில் தெரிந்தார்கள். நல்லவேளை, ஒரு கணம்தான்.

"பாத்தீரே, இராஜரட்ணம்," என்றார். "கிரிக்கெட் இல்லாட்டி ரேபிள் ரெனிஸே இல்லை."

அன்று பின்னேரமே அதை லிப்ற்றில் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டார். சந்திரவதனா மூன்று டசின் பந்து வாங்கி, ஸ்ரீஸ்கந்தராசா வீட்டார் ஊருக்கு அனுப்பிய பொதிக்குள் வைத்துவிட்டாள். அவருக்குச் சொல்லவில்லை.

இதை வாசித்து முடித்ததும், 'அது சரி, அது எந்தக் கல்லூரி?' என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதா? அப்படியென்றால் அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் வேளைக்கே வாருங்கள். குலசிங்கத்தாருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள்.