நிலை வைத்த அன்று என் ஏஜென்ட் வாசித்தது

நாம் பார்க்கும் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியாமல் இருப்பது ஒரு பெரிய பாதுகாப்பு. அதைப் புரியவைக்கக் கிளம்பிய அன்றுதான் எனக்குச் சனி பிடித்தது. ("அதுவாப் பிடிக்கல, நீயாக் கூப்ட்டு ஒக்கார வச்ச" என்பாள் அக்கா.)

அப்போது கீரனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். செயலிகளுக்கு வடிவம் வரைகிறவர்கள், வரைந்த கோப்பின் மேல் அங்கங்கே குறிப்பு எழுதி ஒட்டிவைப்பார்கள். 'இந்தப் பொத்தானைப் பெரிதாக்கு', 'இது ஏன் பச்சையாக இருக்கிறது?' என்கிற மாதிரி. ஒரு ஏஐ ஏஜென்ட் தானே கோப்புக்குள் புகுந்து அவற்றைப் படித்து, வேலையை முடித்து, சந்தேகம் வந்தால் நம்மிடம் கேட்க வேண்டும். படிப்பதற்கான கருவியைச் செய்து கொடுப்பது என் பொறுப்பு. அதாவது ஏஜென்டுக்குக் கண் வைக்கிற வேலை. (எனக்கே கண் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.)

அந்தக் கோப்பில் ஒரு வசதி உண்டு. குறிப்பில் சொன்ன வேலை ஆனதும் 'முடிந்தது' என்று அழுத்தினால் அது திரையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் கோப்புக்குள்ளேயேதான் கிடக்கும். என் கருவி அதையும் தோண்டி எடுத்துவிடும். கூட வேலை பார்த்த பெண், "பழசெல்லாம் எதுக்குங்க, வடிகட்டி விட்ருங்க" என்றார். பின்னணி தெரியாமல் ஏஜென்ட் எப்படி முடிவெடுக்கும் என்று அவருக்கு நான் நீண்ட பாடம் நடத்தினேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் அக்கா திருமயத்தில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தாள். மச்சான் குவைத்தில் டிரைவர். மனை அக்காவின் மாமியார் பேரில் இருந்தது. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஊரில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். என்ஜினியர் வரைந்த வீட்டு பிளானை நான்தான் அதே மாதிரிக் கோப்பாக இணையத்தில் ஏற்றி, அக்காவும் மச்சானும் அதன் மேலேயே குறிப்பு எழுதிப் பேசிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன்.

"எழுதுனதை அழிச்சிட்டா யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டாள் அக்கா.

"முடிந்ததுன்னு அமுக்கு. மறைஞ்சிரும்" என்றேன் பெரிய மேதை மாதிரி.

நிலை வைக்கும் நாள் வந்தது. வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, நல்ல நேரத்தில் நிறுத்தி முடித்தாயிற்று. சொந்தக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் வீடியோ காலில் இருந்தார். அவர் முகம் தெரிகிற போனைச் செங்கல் அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். மேஸ்திரி கை கழுவிக்கொண்டே வந்து, "ஜன்னல் எங்கிட்டு வருதுன்னு முடிவாச் சொல்லிருங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார்.

இதற்காகத்தானே நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"இருங்க, ஏஜென்ட்கிட்டக் கேப்போம்" என்றேன்.

"ஏஜென்டா?" அத்தை நிமிர்ந்து பார்த்தார். "எங்க அனுப்புற ஏஜென்ட்? சிங்கப்பூருக்கா?"

அவருக்கு விளக்கினேன். பந்தலுக்கே விளக்கினேன். சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை நிறுத்தி அதில் என் கணினியை இணைத்து, "எல்லாக் குறிப்பையும் வாசி" என்று உத்தரவிட்டேன். ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பது போல, அழகான தமிழில் ஆரம்பித்தது.

"சமையலறை. ஜன்னல் கிழக்குப் பக்கம். இறுதி செய்யப்பட்டது."

மேஸ்திரி தலையாட்டினார். நாலைந்து பேர் கேசரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் சொந்தக்காரர்கள் என்னை மரியாதையாகப் பார்த்த ஒரே நிமிடம் அது.

"மாமியார் அறை. கணவர் எழுதியது: அம்மாவுக்கு பத்துக்குப் பத்து போதும்ல? மனைவி எழுதியது: எட்டுக்கு எட்டே ஜாஸ்தி. பாதி நாளு மக வீட்லதான இருப்பாங்க."

அக்கா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. நான் பாய்ந்து கணினியை மூடினேன். மூடினாலும் வேலை நிற்கக் கூடாது என்று முந்தின வாரம் நானே அமைத்து வைத்திருந்தேன். குரல் நிதானமாகத் தொடர்ந்தது.

"கணவர் எழுதியது: மக வீட்ல ரெண்டு நாளு தாங்குறதே பெருசு. தங்கச்சியே பஸ் ஏத்தி விட்ருவா."

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தத் தங்கச்சிக்குப் புரையேறியது. மச்சானோ திரையில் வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டார். நெட்வொர்க் போய்விட்டதாம். அவர் தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கக் குனிந்தேன்.

"கையை எடு தம்பி" என்றார் அத்தை. நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான வாசிக்குது. முழுசாக் கேப்போம்."

"மனைவி எழுதியது: அப்ப அவங்க ரூம் கதவை வெளிப்பக்கமா வைக்கச் சொல்லுங்க. நான் சமையக்கட்டுல என்ன பண்றேன்னு ஒக்காந்த எடத்துலருந்து பாக்க முடியாது."

பந்தலில் யாரும் மெல்லவில்லை. அத்தோடு விட்டிருந்தால்கூட அக்கா அழுது, காலில் விழுந்து, எப்படியோ சமாளித்திருப்பாள். ஆனால் சந்தேகம் வந்தால் கேள் என்று ஏஜென்டுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

"குறிப்புகளில் முரண்பாடு உள்ளது" என்றது குரல், மிகுந்த பணிவோடு. "மாமியாருக்கு எட்டுக்கு எட்டு அறை கட்டுவதா, அல்லது மகள் வீட்டுக்கே அனுப்பிவிடுவதா? தயவுசெய்து உறுதி செய்யவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் பென்சில் பாக்ஸை உடைத்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. இந்த வீட்டு வேலை பாதியில் நின்றுபோனால் மச்சான் குவைத்திலேயே இன்னும் எத்தனை வருடம் கிடக்க வேண்டுமோ என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அத்தை என்னிடம் கேட்டார். "அதுகிட்ட நான் பேசலாமா?"

"பேசலாம் அத்தை" என்றேன். (வேற என்னத்தைச் சொல்றது.)

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கணினியிடம் சொன்னார். "இந்தா பாரும்மா, மனை என் பேர்ல இருக்கு. அதை மொதல்ல எழுதிக்க. பாத்ரூம் சேந்த பெரிய ரூம் எனக்கு. அந்த எட்டுக்கு எட்டு அவுக ரெண்டு பேருக்கு. கதவு எப்படி வேணா தொறக்கட்டும்."

"புரிந்தது" என்றது என் ஏஜென்ட். பிளானைத் திருத்தி என்ஜினியருக்கும் மேஸ்திரிக்கும் அங்கேயே அனுப்பியும் விட்டது. நான் செய்த கருவி தப்பே இல்லாமல் வேலை செய்தது அன்று ஒரு தடவைதான். மேஸ்திரி போனைப் பார்த்துவிட்டு, "ஒருத்தராவது முடிவாச் சொன்னீங்களே" என்று நூல் பிடிக்கப் போய்விட்டார்.

வீடு அப்படியேதான் நிற்கிறது. மச்சான் விடுமுறைக்கு வந்தால், எட்டுக்கு எட்டில் கட்டிலைப் போட்டால் பீரோ திறக்காது என்பதால், ஹாலில் படுக்கிறார். அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அத்தை மட்டும் என்னிடம் தனிப் பிரியமாகிவிட்டார். குடும்பத்தில் உண்மை பேசுகிற ஒரே ஆள் நான் கொண்டுவந்த அந்தப் பெண்தானாம்.

போன வருடம் எனக்குப் பெண் பார்க்க வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். பெண்ணின் அப்பா, "மாப்ள என்ன வேலை பாக்குறாருங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"அடுத்தவங்க ரகசியமா எழுதி வச்சதை ஸ்பீக்கர் போட்டு வாசிக்கிற வேலைங்க. அதுக்குச் சம்பளமும் குடுக்குறாக."

உள்ளேயிருந்து பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமும் நடந்தது. என் மனைவி இன்றுவரை வீட்டில் எதையும் எழுதி வைப்பதில்லை. என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேராகத் திருமயத்துக்குப் போன் போட்டு அத்தையிடம் சொல்லிவிடுகிறாள்.