திருப்பிப் போட்ட மண்டையோடு

ஜெயச்சந்திரன் கையிலிருந்த மண்டையோட்டுத் துண்டையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் வளைவு இடப்பக்கம் இறங்கியது. கையில் வலப்பக்கம்.

"போச்சு! திருப்பிப் போட்டுட்டேன்!"

திருத்தங்கலில் இருபத்தெட்டு வருஷமாகக் காலண்டர் அட்டையில் சாமி படத்தை மேடாக எழுப்புகிறவர் அவர். அதற்கான அச்சை இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில், மகள் பிரீத்திகா காலையில் அனுப்பிய, அப்படியே வெட்ட வேண்டிய அச்சுப் படத்தையும் கை தானாகத் திருப்பிவிட்டது.

துண்டுக்கு அழுத்தியது எலும்புச் சத்துப் பொடியும் உடம்பு ஏற்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவை. கல்லூரியில் நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு பிரீத்திகா உருவாக்கியது. அங்கே மெஷின் பழுது என்றதும், "அப்பா அடிச்சுத் தாரேன்" என்று மார்தட்டி வாங்கியிருந்தார். இருந்ததே ஒரு டப்பா; அதுவும் இந்தத் துண்டோடு தீர்ந்துவிட்டது.

பட்டாசு லோடு லாரியிலிருந்து விழுந்து தலையில் எலும்பை இழந்த மாரிக்கண்ணன், ஏழு மாதமாகச் சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. இன்று அவன் தலையை அளந்து செய்த மாதிரி மண்டையில் துண்டு பொருந்தினால்தான் ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பேசுவார்கள்.

போன் அடித்தது. பிரீத்திகா. 'ஆச்சாப்பா?' என்று கேட்டால் என்ன சொல்வது? ஆறாவது தடவை அடித்ததும் அணைத்தே வைத்துவிட்டார்.

"முருகம்மா, எலும்புன்னா என்ன? சுண்ணாம்புதானே?"

"வெத்தலைக்குப் போடுறதா மொதலாளி?" என்றாள் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த முருகம்மாள்.

இப்போதைக்கு அளவை மட்டும் காட்டினால் போதும், கலவையை மகள் மறுபடி செய்துகொள்ளட்டும் என்பது அவர் திட்டம். திருப்பாமல் புது அச்சு வெட்டினார். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் பொடியைப் பசையில் குழைத்து அழுத்தினார். அப்பளமாக நொறுங்கியது.

"பசை பத்தல" என்று இரண்டு பங்கு ஊற்றினார். இப்போது மெஷினே வாயைத் திறக்க மறுத்தது.

"காலண்டர் ஆர்டர் அம்புட்டும் கெடக்கே மொதலாளி. பேசாம பிள்ளைகிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"எனக்குத் தெரியும், நீ வேலையப் பாரு!"

வாசலில் பைக் வந்து நின்றது. பிரீத்திகா பேயறைந்த முகத்தோடு ஓடி வந்தாள். பின்னால், மாதிரி மண்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஹெல்மெட்டுடன் மாரிக்கண்ணன்.

"அப்பா, போனை ஏன்..."

"முதல்ல நான் சொல்றதக் கேளும்மா..."

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்க, மாரிக்கண்ணன் மேசையிலிருந்த துண்டை எடுத்து மாதிரி மண்டையின் வலப்பக்க ஓட்டையில் வைத்தான். டக்கென்று உட்கார்ந்தது. விரலால் சுற்றித் தடவினான். நகம் நுழைய இடமில்லை.

"மேடம், எனக்கும் இப்படியே உக்காருமா?" அவன் கை ஹெல்மெட்டின் வலப்பக்கத்தைத் தடவியது.

ஜெயச்சந்திரனுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "எப்படி? நான்தான் திருப்பிப் போட்டுத் தொலைச்சேனே!"

பிரீத்திகா நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

"அதைச் சொல்லத்தானப்பா காலையிலருந்து போன் அடிக்கேன்! வலப்பக்கம் எலும்பே இல்லையேன்னு, நல்லா இருக்கிற இடப்பக்கத்தை அளந்தேன். அதை வலப்பக்கத்துக்குத் திருப்ப மறந்து அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேன்!"