துரை அடை உட்கார்ந்த கதை

துரை முட்டை போட்டுவிட்டான்.

கூண்டின் மூலையில் அரைநெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று கிடந்தது. எல்லம்மா அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள். உப்பு ஏரிச் சேற்றுக்குள் கையை விட்டு, தொட்ட மாத்திரத்தில் இது இறால், இது நண்டு, இது வெறுங்கல் என்று சொல்லிவிடுகிற விரல்கள் அவளுடையவை. அவை பொய் சொல்வதில்லை. முட்டையேதான்.

"சந்தியா! இந்த அநியாயத்த வந்து பாரேன். நம்ம துரை முட்டை போட்டுக்கீறான்!"

மருமகள் சந்தியா கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் செருகிய சீப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ அவன் பொண்ணு அத்தே."

"ஆம்பளைனு சொல்லித்தானேடி எம்புள்ள வாங்கியாந்தான்?"

"அவரு சொன்னதெல்லாம் அப்பிடியே நடந்துடுச்சா?" என்றவள், வேன் ஹாரன் கேட்டதும் ஓடிவிட்டாள்.

ஒற்றை லவ் பேர்ட்ஸ், நீல நிறம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டுக்குப் படகு வேலைக்குப் போகிற அன்று மணிகண்டன் அதைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினான். "நான் வர்ற வரைக்கும் துரைய பாத்துக்கம்மா" என்றான். அன்றிலிருந்து எல்லம்மாவுக்கு அதுதான் வேலை, அதுதான் வேண்டுதல். துரை இருந்தால் பிள்ளை வருவான். துரைக்கு ஒன்று ஆகிவிட்டால், வந்து நிற்கிற பிள்ளையிடம் எதைக் காட்டுவது?

சேதி பக்கத்து வீட்டு ஜெபசெல்விக்கு எட்டிவிட்டது. நல்லவள்தான். ஆனால் மனசில் இருப்பது வாயில் வந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரியும்.

"ஜோடியே இல்லாம எப்பிடிக்கா முட்டை? ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"குருவியப் பத்தி எவடி பேசப்போறா?"

"நான் பேசுவேனே!"

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து எல்லம்மா முட்டையைக் கரை மேல் வீசினாள். ஒரு நாள் விட்டு இன்னொரு முட்டை. அதையும் வீசினாள். மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. ஐந்தாவது முட்டையை செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே கருவும் இல்லை, நரம்பும் இல்லை. யாவாரி கையால் அமுக்கிப் பார்த்துத் தூக்கிப் போடுவானே சதையில்லாத தண்ணி நண்டு, அது மாதிரி தண்ணி முட்டை.

துரை இளைத்துப் போனான். எல்லம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சினை நண்டு சோர்ந்தால் ஈரச் சாக்கைப் போட்டு நிழலில் வைத்தால் தெளிந்துவிடும். ஏரித் தண்ணீரில் சாக்கை நனைத்துக் கூண்டு மேல் போர்த்திவிட்டு, பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இறால் தடவப் போய்விட்டாள்.

சாயங்காலம் சந்தியா சாக்கைத் தூக்கினாள். உள்ளே துரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நண்டுக்கு ஈரம் வேணும். குருவிக்கு இன்னாத்துக்கு அத்தே?"

"சினைன்னா எல்லாம் சினைதானேமே!"

குளிர் போகட்டும் என்று எல்லம்மா கூண்டை அடுப்போரம் வைத்தாள். புகையில் நீலத் துரை சாம்பல் துரை ஆனான். ஆறாவது முட்டையும் போட்டான். அப்புறம் நிற்கவே தெம்பில்லாமல் கம்பியில் சாய்ந்துகொண்டான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் நடுவில் கூண்டோடு வரிசையில் நின்றாள். டாக்டர் லீவு. கம்பவுண்டர்தான் பார்த்தார்.

"முட்டைய எடுத்தியா?"

"ஆமா நைனா, உடனே உடனே எடுத்துட்டேன்."

"அதான் தப்பு. நீ எடுக்க எடுக்க, கொறையுதேன்னு அது போட்டுக்கினே இருக்கும். உடம்புல இருக்கிற சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்கே போயிடும். கிளிஞ்சலப் பொடி பண்ணி வை. அப்பறம், முட்டை மாதிரி எதுனா ரெண்டு மூணு உள்ள போடு."

"பொய் முட்டையா?"

"பொய்தான். அடை உக்காரும். ஒண்ணும் வரலன்னா தானா சலிச்சி எழுந்து போயிடும். இருபது நாளு ஆவும்."

"வாயில்லா ஜீவன ஏமாத்துறது பாவம் இல்லியா?"

"நெசத்த இப்பவே காட்டுனா செத்துடும். பொய்ய வச்சா பொழைக்கும். எது பாவம், நீயே சொல்லு."

எல்லம்மா ஏரிக் களிமண்ணை உருட்டிப் போட்டாள். அது கரைந்து துரையின் வயிறெல்லாம் சேறு. சுண்ணாம்பை உருட்டிப் போட்டாள். துரை பயந்து கூண்டு உச்சியில் தொங்கினான். பார்த்துக்கொண்டே இருந்த சந்தியா, தன் கழுத்து வெள்ளைப் பாசிமணியை அறுத்து, நாலே நாலு மணியை எடுத்து, கையில் வைத்துச் சூடு பண்ணி, சத்தமில்லாமல் உள்ளே வைத்தாள். துரை இறங்கி வந்தான். மோந்து பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

"இந்த சாமர்த்தியத்த எங்கமே கத்துக்கின?"

சந்தியா அறுந்த மாலையைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மணிகண்டன் பேசி அனுப்புகிற குரல் வரும். பொழுது சாய்கிற நேரத்தில் சந்தியா போனை மாமியார் காதோரம் பிடிப்பாள். எல்லம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டுதான் உட்காருவாள்.

"யம்மா, சாப்டியா? நான் நல்லாகீறேன். வேலை ஜாஸ்தி. துரைய பாத்துக்கோ. சீக்கிரம் வந்துடுறேன்."

பின்னால் ஒரு சேவல் கூவியது.

"அந்த ஊர்லயும் சேவல் கீது பாரு," என்று எல்லம்மா சிரித்தாள். "போன வாரம் லாரி ஹாரன் அடிச்சிச்சி. ரூம மாத்திட்டான் போல."

"ஆமா அத்தே."

"பேச்சுதான் மாறவே மாட்டேங்குது. அவங்க நைனாவும் அப்பிடித்தான். கண்ணாலத்துல பேசினதையே கருமாதி வரைக்கும் பேசினாரு."

துரைக்குக் கிளிஞ்சல் தூள் ஒத்துக்கொண்டது. முட்டை நின்றது. ஆனால் இடத்தை விட்டு அசையமாட்டான். பாசிமணியை அலகால் புரட்டுவான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சூடு காட்டுவான். எல்லம்மா தினமும் கூண்டோரம் குந்திக்கொண்டு கேலி செய்வாள்.

"லூசு! மணிக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியல உனுக்கு. தொட்டா தெரிய வேணாம்?"

இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சந்தியாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம். மத்தியானம் துரை எழுந்தான். ஒரு மணியைக் காலால் தள்ளிவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் தினைக் கிண்ணத்துக்குப் போய் உட்கார்ந்து கொறிக்க ஆரம்பித்தான். கண்ணில் பழைய பளபளப்பு வந்திருந்தது.

"பொழைச்சிட்டான்! தெளிஞ்சிட்டான் எந்துரை!" எல்லம்மா கையைத் தட்டினாள். "இனிமே எம்புள்ள எப்ப வந்தாலும் வரட்டும். இத்தினி நாளு வெறும் பாசிமணிய போயி வயித்துல வச்சிக்கினு... பைத்தியம்!" கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஜெபசெல்வி போனோடு வந்தாள். "கம்பெனி உள்ள போனு எடுத்துப் போக கூடாதாமே. சந்தியா என்னாண்ட குடுத்து, உம்புள்ள பேசினத போட்டுக் காட்ட சொல்லிச்சிக்கா."

எல்லம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ம், போடு."

ஜெபசெல்வி போனை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், கண்ணைச் சுருக்கினாள்.

"இரு அக்கா, பேஜாரா கீது... போன வாரம் போட்டது ஹாரனா, சேவலா? இருக்கிறதே பழசு ரெண்டுதானாம், மாத்தி மாத்திப் போட சொல்லிச்சி."