இரு கரைக் கூட்டுப் படை

ஒரு காட்டில் என்று தொடங்க முடியாது. இது இரண்டு காடுகளில் நடந்தது. நடுவில் ஓர் ஆறு. கரைக்கொரு சிங்கம் ஆண்டது. இரண்டு சிங்கங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நரிகளுக்கு மட்டும் இருந்தது.

இக்கரை நரிகள் குட்டிகளைத் தூக்கும். அக்கரை நரிகள் வாங்கி முள்பட்டியில் அடைக்கும். மழைக்காலம் தொடங்கியதும் மலைச் சிறுத்தைகளுக்கு விற்றுவிடும். செம்பி என்ற மானின் குட்டியும் அப்படித்தான் போயிற்று. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அதன் குரல் கேட்கும். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

செம்பி காவல்படைச் செந்நாய்களிடம் போனாள். அக்கரை தங்கள் எல்லைக்குள் வராது என்று அவை வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்தன.

அந்த நேரத்தில்தான் அரசு அறிவித்தது: எல்லை தாண்டிய குட்டிக் கடத்தலை ஒழிக்க, இரு கரையிலும் சேர்ந்து உழைப்போருக்கு மானியம். ஆற்றில் வாழும் நீர்நாயைக் கூட்டிக்கொண்டு செம்பி அதிகாரி கரடியிடம் ஓடினாள். கரடி நீர்நாயின் முகவரியைக் கேட்டது. ஆறு என்றது நீர்நாய். ஆறு எந்தக் கரையிலும் சேராது என்றது கரடி. செம்பிக்கு முன் அனுபவம் உண்டா என்றும் கேட்டது. குட்டியைப் பறிகொடுத்த அனுபவம்தான் இருந்தது. அது செல்லாதாம்.

அடுத்து உள்ளே வந்தது பூங்காவனம், இக்கரை நரிகளின் தலைவன். அதற்கு இரு கரையிலும் ஆட்கள், சொந்தப் படகு, பல வருடப் பழக்கம். ஒருமுறைகூடக் கணக்கில் சண்டை வந்ததில்லை. கரடிக்குக் கண் கலங்கியது. இரண்டு அரசுகளால் முடியாத ஒற்றுமை அல்லவா.

"ஐயா, என் குட்டியைத் தூக்கினதே இவங்கதான்" என்றாள் செம்பி.

"அப்போ அனுபவம் இருக்குன்னு நீயே சொல்றே" என்றது கரடி.

மானியம் வழங்கும் விழாவை இக்கரையில் வைத்தார்கள். இரு கரை நரிகளும் ஒன்று விடாமல் மாலை வாங்க வந்திருந்தன. பட்டிக்குக் காவல் இல்லை. மனுக் கொடுத்து அலுத்த செம்பி, நீர்நாய் வழிகாட்ட ஆற்றில் இறங்கினாள். நீர்நாய் முள்வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்தது. குட்டி வெளியே வந்தது. இளைத்திருந்தது, உயிர் இருந்தது. தாயும் பிள்ளையும் திரும்பி நீந்தினார்கள்.

நடு ஆற்றில் படகு ஒன்று குறுக்கே வந்தது. பழைய கடத்தல் படகுதான். இப்போது அதில் இரண்டு சிங்கங்களின் கொடிகளும் பறந்தன. புதுத் தொப்பியோடு பூங்காவனம் நின்றது. பக்கத்தில், முதல் ரோந்தைப் பார்வையிட வந்த கரடி.

"நில்லும்மா. குட்டி யாரோடது?"

"என்னுது."

"கரை தாண்டிக் கொண்டுபோக அனுமதி இருக்கா?"

"பெத்தவளுக்கு எதுக்குடா அனுமதி?"

பூங்காவனம் கரடியைப் பார்த்துத் தலையை ஆட்டியது. "பாத்தீங்களா சார், மாட்டினா எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க."

திட்டத்தின் முதல் கைதி செம்பி. உடந்தை, நிலையான முகவரி இல்லாத ஒரு நீர்நாய். இரண்டு சிங்கங்களும் முதன்முறையாக ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டன. மீட்கப்பட்ட குட்டியை, வழக்கு முடியும்வரை, அக்கரையில் நரிகள் நடத்தும் பாதுகாப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். இல்லம் புதிதல்ல. நீர்நாய் பறித்த பள்ளத்தை மட்டும் மானியத்தில் அடைத்திருந்தார்கள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

நீதி: குட்டியைக் கடத்துவதாக இருந்தால் மானியம் வாங்கிக்கொண்டு கடத்து, அது நீ பெற்ற குட்டியாக இருந்தாலும் சரி.