சாட்சி மீனின் பானை

ஏழு ஆறுகளைத் தாண்டிப் போனால், எட்டாவது ஆறு முன்பு ஓடிய இடத்தில் செம்புரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே கிணற்றில் ஒரு கெண்டை மீனை விட்டு வைப்பார்கள். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது. இந்த வழக்கத்தையே அரசர் நீர்க்காப்புச் சட்டமாக்கினார். சபை மூன்று நாள் கைதட்டியது.

காத்தாயிக்கும் சந்தோஷம்தான். மேட்டிலிருந்த சாயப்பட்டறையின் கழிவு இறங்கி, அவள் கிணற்றுக் கெண்டை செத்து மிதந்துகொண்டிருந்தது. மகள் செவந்தியோ தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இந்தத் தண்ணீரையா கொடுப்பது? மனு போட்டாள்.

நீர்க்காப்பு அதிகாரி சொக்கேசர் பல்லக்கில் வந்தார். பின்னால் இன்னொரு பல்லக்கு. அதில் மலைச்சுனை நீர் நிறைந்த பானை, பானைக்குள் அரசாங்கச் சாட்சி மீன். மீனைக் கூடையில் வைத்துக் கிணற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்தார்கள். மீன் துடித்தது.

"எப்படித் துள்ளுது பாருங்க! நீர் சுத்தம்," என்றார் சொக்கேசர்.

"ஏனுங்கய்யா, ஒரு நாழி உள்ளயே உட்டுப் பாருங்க."

"எவ்வளவு நேரம்னு சட்டத்துல இல்லையேம்மா."

நாடெங்கும் கிணற்று மீன்கள் செத்து அரசுக்குக் கெட்ட பெயர் தேடித் தந்ததால் சட்டம் திருத்தப்பட்டது. இனி மீன் வேண்டாம். அந்த நீரைக் குடிக்கும் மனிதர் உயிரோடு இருந்தாலே போதும். "மீனை நம்பிய அரசு மக்களை நம்பாதா?" என்று அமைச்சர் கேட்டபோது சபையே கண் கலங்கியது.

காத்தாயி மறுபடியும் மனு போட்டாள். சொக்கேசர் மறுபடியும் வந்தார். மீன் பல்லக்கும் கூடவே வந்தது. மீனுக்குப் பதவி போனாலும் மரியாதை போகக் கூடாதாம். அதன் பானைக்குச் சுனைநீர் தினமும் வந்துகொண்டிருந்தது.

"நீங்க உயிரோடதானேம்மா இருக்கீங்க?"

"அப்ப நான் செத்தாத்தான் தண்ணி கெட்டதுன்னு ஒத்துக்குவீங்களா?"

"செத்தவங்க மனு செல்லாது. நேர்ல வரணும்."

காத்தாயிக்குத் தலை சுற்றியது. அவர் சொல்வதில் எங்கோ ஓட்டை இருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. செவந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "அம்மா, தொண்டை வறண்டு போச்சு. தண்ணி குடு."

சொக்கேசர் முகம் மலர்ந்தது. "வயித்துல இருக்கறதையும் சேர்த்தா சாட்சி மூணு!"

காத்தாயி கிணற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவள் கைச் சொம்பு மீன் பானைக்குள் போய்விட்டது. செவந்தி ஒரே மூச்சில் குடித்தாள்.

சொக்கேசர் திகைத்துப் போனார். இது எந்தப் பிரிவில் குற்றம்? சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தெளிந்து எழுதினார்: 'மேற்படி வீட்டில் கர்ப்பிணி ஒருவர் என் கண்ணெதிரே நீர் அருந்தி நலமாக இருக்கிறார். நீர் சுத்தம்.' சான்றிதழைக் கிணற்றுத் தூணில் அறைந்தார். இரண்டு பல்லக்குகளும் மீன் பானையோடு கிளம்பிப் போயின.

தான் செய்தது சரியா, தப்பா என்று காத்தாயிக்கு விளங்கவேயில்லை. மேட்டில் சாயப்பட்டறைக்கு இரண்டாவது வாய்க்கால் வெட்டும் சத்தம் கேட்டது.

செவந்தி சொம்பை நீட்டினாள். "நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."