வனமாமலை கம்ப்யூட்டர் பாகங்கள் தேர்வுக் குழு

ஆசை யாருக்கும் வரலாம். அதை மனுவாக எழுதி அலுவலகத்தில் கொடுத்தவனின் கதி என்ன என்பதை, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் என்ற முறையில் நான் இங்கே பதிவு செய்கிறேன்.

வல்லம் வடகாலில் எங்கள் விடுதி. முப்பத்தேழாம் நம்பர் அறையில் ஐந்து பேர். அதில் வனமாமலை நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை. கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியில் லைன் வேலை. ஷிப்டுக்கு எழுநூறு கம்ப்யூட்டருக்கு ஃபேன் வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்குவான். நாலு வருஷமாக அதே நாலு ஸ்க்ரூ. உலகத்தில் எங்கேயோ ஒருத்தன் நாள் முழுக்க கேம் ஆடியும் அவன் கம்ப்யூட்டர் சூடாகவில்லை என்றால், அந்தப் புண்ணியம் எங்கள் வனமாமலைக்குத்தான் சேரும். அவனுக்கென்று இருந்ததோ கீறல் விழுந்த ஒரு போன்.

அதே கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள் கவியா. வாலாஜாபாத் பெண். கேமில் அவள் எதிரே நின்றவன் உருப்பட்டதாகத் தகவல் இல்லை. மறைமலை நகரில் ஒரு மண்டபத்தில் பங்குனி மாதம் ஜோடி ஜோடியாக ஆடுகிற போட்டி என்று அறிவித்தார்கள். ஸ்க்ரீனும் கீபோர்டும் அவர்கள் தருவார்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். கவியா பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்:

"மலை, ஜோடின்னு உன் பேரத்தான் குடுத்துக்கீறேன். நாலு மாசம் டைம் கீது. நல்ல மெஷினா நீயே ஒண்ணு மாட்டிக்கினு வா. என் மானத்த மட்டும் வாங்கிடாத, சொல்லிட்டேன்."

அன்றைக்கு வனமாமலை சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிட்டதாம். அவன் ஆசை கேமில் மட்டும்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அடிப்பான்.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. நேராகக் கடைக்குப் போயிருக்கலாம். பாவி, விதி பதினாலைப் படித்துவிட்டான். "அறைக்குள் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை" என்று விடுதி வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. ஒழுங்கான பிள்ளை, மனு எழுதி எடுத்துக்கொண்டு விடுதி நிர்வாக அதிகாரி பரசுராமனிடம் போனான். துணைக்கு நானும் போனேன்.

பரசுராமன் மனுவை முன்பக்கம் படித்தார். ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் படித்தார்.

"கம்ப்யூட்டரா? கூடாது."

"முழு கம்ப்யூட்டர் இல்ல சார். பாகம் பாகமா வாங்கி நானே மாட்டப் போறேன்."

"பாகமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாகத்த பத்தி ரூல்ல ஒண்ணுமே இல்லியே!"

"அப்ப வாங்கலாமா சார்?"

"ரூல்ல இல்லன்னா வாங்கலாம்னா அர்த்தம்? இன்னாப்பா நீ. ரூல்ல இல்லாததுக்கு கமிட்டி போடணும்."

அப்படி உதித்ததுதான் வனமாமலை கம்ப்யூட்டர் பாகங்கள் தேர்வுக் குழு. தலைவர் பரசுராமன். உறுப்பினர்கள் எங்கள் அறையிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். தரம் பார்க்க, ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருக்கிற செல்லக்கனி. பொருள் எடுக்க, இன்னொன்றில் ஸ்டோர்ஸில் இருக்கிற தாவீது. நாகரிகம் பார்க்க, வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிற மகாராஜா. செயலாளர் நான்; பெயர் சாம்சன், வேலை பேக்கிங். வனமாமலைக்குக் குழுவில் இடம் இல்லை. கேட்டதற்கு, "நீ பயனாளி. பயனாளி உள்ள உக்காந்தா முறைகேடுன்னு பேசுவானுங்க" என்றார் தலைவர்.

முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தோம். அதற்கே மதியமாகிவிட்டது.

இரண்டாம் கூட்டம் ராம் என்கிற மெமரி பற்றி. செல்லக்கனி எழுந்து, "சாம்பிள் உடைச்சுப் பாக்காம எதையும் உள்ள விட முடியாது. ரெண்டு வாங்குங்க, ஒண்ண உடைச்சு ரிப்போர்ட் தாரேன்" என்றான்.

"ஏலே, அத மாட்டத்தான் வாங்குதோம், உடைக்கதுக்கா?" என்று வாசலில் நின்ற வனமாமலை கத்தினான்.

"பயனாளி பேசக் கூடாது" என்றார் தலைவர்.

இரண்டு வாங்கினார்கள். செல்லக்கனி ஒன்றைக் கட்டில் காலுக்கு அடியில் வைத்து, கட்டிலில் மூன்று பேரை உட்காரச் சொன்னான். பிறகு ரிப்போர்ட் கொடுத்தான்: "உடைகிறது." மற்றொன்றை உடைக்காமல் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் அதில் லைட் இல்லை என்று மகாராஜா ஒப்புதல் தர மறுத்தான்.

"ராம்ல லைட் எரியலன்னா அது என்னண்ணே ராமு? பாக்கவன் காறித் துப்ப மாட்டானா?"

"லைட் எரிஞ்சா கேம் வேகமா ஓடுமால?" என்று நான் கேட்டேன்.

"ஓடாதுண்ணே. ஆனா ஓடுத மாதிரி இருக்கும்."

மகாராஜா பிறந்ததிலிருந்து ஒரு கேம்கூட ஆடியதில்லை. எந்த கிராபிக்ஸ் கார்டு எந்தக் கார்டை அடிக்கும் என்று மட்டும் விடிய விடியச் சொல்வான். அவனுடைய ஆலோசனைப்படி லைட்டோடு ராம், லைட்டோடு ஆறு ஃபேன், லைட்டோடு ஒரு வயர் வாங்கப்பட்டன. அந்த வயர் எங்கே மாட்டுவது என்று அவனுக்கும் தெரியாது. சும்மா எரிந்தாலே அழகாம்.

மூன்றாம் கூட்டம் கிராபிக்ஸ் கார்டு. வனமாமலை புதுசாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். தாவீது கையைத் தூக்கினான். "எங்க ஸ்டோர்ஸ்ல முதல்ல வந்ததுதான் முதல்ல வெளிய போகணும். பழச வச்சிக்கினு புதுசுல கை வச்சா எனக்கு மெமோ. கடையில ரொம்ப நாளா இருக்கிற கார்டு எதுவோ அதத்தான் எடுக்கணும்."

கடைக்காரரிடம் அப்படியே கேட்டோம். அவர் எங்களை உட்காரவைத்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். பிறகு பரண் மேல் ஏறி, ஒட்டடையோடு ஒரு கார்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். கண்ணில் தண்ணீர். அப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம்.

நாலாம் கூட்டம் கேபினட், அதாவது எல்லாப் பாகங்களும் உள்ளே உட்காருகிற கூடு. இங்கே என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேக்கிங்காரன் நான், பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்காமல் எந்தப் பொருளுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டேன். அட்டைப்பெட்டிக்கு ஒரு சின்ன மடங்கல்கூட இல்லை. உள்ளே கேபினட்டின் பக்கக் கண்ணாடி தூள். என் துறை அட்டைப்பெட்டிதான் என்பதால் பாஸ் என்று எழுதினேன். கண்ணாடி போன பக்கமாகக் காற்று நன்றாக வரும் என்று தலைவர் குறிப்பெழுதினார்.

வாங்கிய ஒவ்வொரு பாகமும் கேட் பாஸோடு உள்ளே வந்தது. ஒவ்வொன்றிலும் செல்லக்கனி ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான். பரசுராமன் அறைக்கே வந்து பார்வையிட்டார்.

"இத்த எல்லாம் ஒண்ணு சேத்தா இன்னா?"

"கம்ப்யூட்டர் சார்."

"அப்ப ரூல் பதினாலு. சேக்கக் கூடாது. பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவுல ஒரு சாண் கேப் வுடு."

ஒரு சாண் விட்டு எல்லாவற்றையும் பரப்ப அறையில் இடம் இல்லை. வனமாமலையின் கட்டில் 'பாகங்கள் வைக்குமிடம்' என்று அறிவிக்கப்பட்டு, அதைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டப்பட்டது. அவன் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டான். முதல் வாரம் எங்களை ஏசினான். ஊர்க்காரன் ஏச்சு, கேட்டால் காது கூசும். இரண்டாம் வாரம் முனகினான். மூன்றாம் வாரம், நான் சட்டை மாட்டும்போது ஃபேன் ஒன்று லேசாக நகர்ந்துவிட்டது. "அண்ணே, சாணு கொறையுது பாருங்க" என்று அவனே எழுந்துவந்து அளந்து வைத்தான். திருந்திவிட்டான் என்று நினைத்தோம்.

கவியா போன் பண்ணுவாள். "ஆச்சா மலை?"

"மூணு பாகம் அப்ரூவ்டு. ஒண்ணு பெண்டிங். கேபினட்டு கண்டிஷனல் அப்ரூவல்ல இருக்கு."

"இன்னா பேசற நீ? நான் கடைக்குப் போனேன், இன்ன கேம் ஆடணும்னு சொன்னேன், அவரு எடுத்துக் குடுத்தாரு, வூட்ல வச்சி மாட்டிட்டேன். ஒரு நாள் வேலை."

"அப்ரூவல் இல்லாமலா?" என்றான் வனமாமலை. குரலில் நிஜமாகவே பதற்றம்.

ஐந்தாம் கூட்டத்தில் ப்ராசசர், மதர்போர்டு எல்லாம் முடிந்தன. கடைசியில் ஒன்று பாக்கி: கேமையும் மற்ற எல்லாவற்றையும் ஏற்றி வைக்கிற டிஸ்க். அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் தகரம். அந்த நேரம் பார்த்துக் கேன்டீனிலிருந்து சூடாக போண்டா வந்தது. "டிஸ்க் பற்றி அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் கூட்டத்தில் வழக்கம்போல, "முந்தைய கூட்டத்தின் முடிவுகள் அனைத்தும் அப்படியே உறுதி செய்யப்பட்டன" என்று எழுதினேன். ஒத்திவைத்ததும் ஒரு முடிவுதானே? அதுவும் உறுதியாகிவிட்டது. யாருக்கும் உறைக்கவில்லை. குழுவின் பணி இனிதே நிறைவுற்றது என்று கை தட்டினோம்.

பங்குனி ஞாயிறு வந்தது. பாகங்களைத் தனித்தனி கேட் பாஸில் வெளியே எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து மறைமலை நகர் மண்டபத்துக்குப் போனோம். தலைவரும் வந்தார், கழுத்தில் அடையாள அட்டையோடு. காலை பதினோரு மணி. எங்கள் ஜோடியின் ஆட்டம் இரண்டு மணிக்கு. கவியா தன் மெஷினை மேசையில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேசையில் வரிசையாக நின்றோம். லைன் வேலைதானே, கை தானாக ஓடியது. தாவீது எடுத்துக் கொடுக்க, செல்லக்கனி ஸ்டிக்கர் பார்க்க, மகாராஜா லைட் வயரைக் குத்த, வனமாமலை ஆறு ஃபேனுக்கும் நாலு நாலு ஸ்க்ரூ முடுக்கினான். பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு கம்ப்யூட்டர் அவன் கையில் உருவானது.

மாட்டி முடித்தோம். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம்.

"இன்னா, ஆன் பண்ண மாட்டீங்களா?" என்றாள் கவியா.

"அது டெஸ்டிங் வேலை" என்றோம் ஐந்து பேரும்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். ஆறு ஃபேன், ராம், ஊர் பேர் தெரியாத வயர் எல்லாம் வானவில்லாக எரிந்தன. மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகாராஜா அழுதேவிட்டான். ஸ்க்ரீனில் மட்டும், டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மினிட்ஸ் நோட்டைப் பார்த்தேன்.

"முறைப்படி ஒத்திவைக்கப்பட்டு, முறைப்படி உறுதி செய்யப்பட்டிருக்கு" என்றேன்.

"அப்ப தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் தலைவர், நிம்மதியாக.

கவியா கையெடுத்துக் கும்பிட்டாள். "மலை, கேம் ஏத்தின பென் டிரைவ் எங்கிட்ட கீது. ரெண்டு தெரு தள்ளி கடை தொறந்து கீது. வண்டி எடுத்துக்கினு போயி டிஸ்க் வாங்கினு வரேன். இங்கியே இரு." சொல்லிக்கொண்டே ஓடினாள். நாற்பது நிமிஷத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்தாள். மணி பன்னிரண்டரை. தாராளமாக நேரம் இருந்தது. எனக்கு உயிர் திரும்பியது.

டிஸ்கை வனமாமலையின் கையில் வைத்தாள். வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான்.

"கவியா," என்றான் மெதுவாக, "பச்சை ஸ்டிக்கர் இல்லயே?"

"இன்னாது?"

"இல்ல… கமிட்டியில வைக்காம எப்படி மாட்டுறதுன்னு…" அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் பெருமையோடு தலையாட்டினார். செல்லக்கனி அவன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

கவியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிஸ்கை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"மூணு வருசமா டெஸ்டிங்ல கீறேன் மலை. எது பாஸு, எது ஃபெயிலுன்னு பாத்தவுடனே தெரியும். மெஷின் பாஸு. நீ ஃபெயிலு."

போய்விட்டாள். இரண்டு மணிக்கு எங்கள் ஜோடியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். வனமாமலை எரிகிற லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் தேற்ற என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தலைவருக்குத் தெரிந்தது.

"தம்பி, இப்பத்தான் நீ பொறுப்பா பேசின. இனிமே நீ பயனாளி இல்ல. உறுப்பினர்."

வனமாமலையின் முகம் நாலு மாதத்துக்குப் பிறகு தெளிந்தது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

அங்கேயே, மண்டபத்திலேயே, ஏழாம் கூட்டம் கூடியது. வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கவியா கையெழுத்துப் போடாததால், அன்று அவர் மண்டபத்துக்கு வரவில்லை என்று பதிவு செய்தேன். அப்படியானால் சுவிட்சைத் தட்டியது யார் என்று ஒரு கேள்வி எழுந்தது. டெஸ்டிங் ஆள் யாரும் வராத இடத்தில் ஒரு மெஷின் எப்படி ஆன் ஆகும்? அதை விசாரிக்கத் தனிக் குழு போட்டிருக்கிறோம். ஏகமனதான தீர்மானம், என் கையும் தூக்கித்தான் இருந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் வனமாமலை.